விசிலடித்து மிதித்த பீப்பாய்

தாப்பே போடுவதில் பொனியெம்மை மிஞ்ச அந்தச் சுண்ணாம்புக் குன்றுப் பக்கம் ஆளில்லை. வெந்த மரவள்ளிக் கிழங்கில் ஈஸ்ட் தூவி வாழையிலையால் மூடுவாள். மூன்றாம் நாள் தித்திக்கும். பேசினால் கெட்டுவிடும் என்று தூவும்போது வாய் திறக்க மாட்டாள். மேலே காய்ந்த மிளகாயும் கரித்துண்டும் வைப்பாள். அடிக்கடி திறந்து முகர்ந்து பார்ப்பாள்.

அதனால்தான், கால்நடைத் துறைப் பெண் வந்து, மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, தவிடும் வெல்லப்பாகும் கலந்து, பீப்பாயில் இறுக அடைத்து இருபத்தொரு நாள் மூடிவைக்கச் சொன்னபோது பொனியெம்முக்குச் சிரிப்பு வந்தது.

"இது மாட்டுக்குப் போடற தாப்பே. எனக்கேவா சொல்லித் தர்ற?"

சிரித்தாலும் அந்தப் பெண் சொன்னதைச் செய்துதான் ஆகவேண்டும். வீட்டுப் பசு ஏழு மாதச் சினை. குன்றில் பச்சை என்று ஒரு புல் இல்லை. இருக்கிற வைக்கோல் மட்டும் அதற்குப் பத்தாது. இந்தத் தீவனம் கெட்டுப்போனால், பசுவை மாட்டுத் தரகன் கார்ஸோவின் கயிற்றில் கட்டி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

இரண்டு பீப்பாய்கள். ஒன்றை அவள் அடைத்தாள்: குளித்து, பேசாமல், மிளகாயும் கரியும் வைத்து. மற்றதைக் கணவன் துகிரான் அடைத்தான். சுருட்டைக் காதில் செருகி, விசிலடித்து, நடுநடுவே தட்டையைத் திட்டிக்கொண்டு மிதித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பீப்பாய் உருப்படாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் தன் பீப்பாயைத் திறந்தாள். இனிக்கவில்லை, சூடாக இருந்தது. மூடினாள். மறுநாள் லேசாகக் கள் வாடை. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. என்ன குறை என்று தெரியாமல் தினமும் திறந்து பார்த்தாள். பத்தாம் நாள் மேலே வெள்ளை பூத்தது. இன்னொரு மிளகாய் வைத்தாள்.

இருபத்தொன்றாம் நாள் அவள் பீப்பாய்க்குள் தட்டை கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது; நாற்றம் குடலைப் பிடுங்கியது. பொனியெம் மிளகாயை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஒரு விதியைக்கூட மீறவில்லையே.

அன்று சந்தை நாள். கார்ஸோ கயிறோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

"என்னக்கா, தாப்பே ராணிக்கே புளிக்கலையா?"

துகிரான் தன் பீப்பாயின் வளையத்தைத் தட்டிக் கழற்றினான். உள்ளே இளமஞ்சள் தட்டை. எழுந்த வாசனை அச்சு அசல் அவளுடைய தாப்பே வாசனை. தன் மூக்கையே அவளால் நம்ப முடியவில்லை.

"என்னங்க பண்ணீங்க இதுல?"

"மிதிச்சேன். விசிலடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறந்துட்டேன்."

"திறந்தே பாக்கலையா?"

"எதுக்குத் திறக்கணும்? அந்தப் பொண்ணு இருபத்தொரு நாள்னுச்சே. காத்து பட்டா போச்சுன்னு வேற சொன்னுச்சு. நீதான் அப்ப சிரிச்சுக்கிட்டு இருந்தியே."

கொஞ்சம் காற்றாட விட்டு ஒரு கூடை வைத்தார்கள். பசு முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. கார்ஸோ கயிற்றை உதறினான். பொனியெம் கூடையைப் பசுவின் முகத்தருகே தள்ளினாள்.

"நல்லாத்தானே இருக்கு, தின்னேன்டி!" என்று கெஞ்சினாள்.

பசு ஒரு வாய் இழுத்தது. மென்றது. பிறகு கூடைக்குள் விட்ட தலையை எடுக்கவேயில்லை. கார்ஸோ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நடந்தான். பொனியெம் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வைக்கோலோடு கலந்தால் இந்தத் தீவனம் அடுத்த பீப்பாய் வரைக்கும் தாங்கும். பக்கத்து வயலில் தட்டை இன்னும் நிற்கிறது. மறுநாளே அதை வெட்டிவந்து நறுக்கினார்கள். கழுவிய பீப்பாய்க்குள் துகிரான் இறங்கி மிதித்தான். பொனியெம் பார்த்துக்கொண்டிருந்தாள். எது வேலை செய்தது, காற்றுப் படாததா, விசிலா? அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும், தன் தாப்பே மட்டும் ஏன் திறக்கத் திறக்க இனிக்கிறது?

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் திடீரென்று.

"எதை? மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"விசிலை. அடிங்க. அப்புறம், மூடினதுக்கப்புறம் நான் இந்தப் பக்கம் வந்தா, கட்டையால அடிச்சுத் துரத்துங்க."