தொப்பி சார் வீட்டுக் குளியலறை

தொழிற்சாலையில் அவருக்குத் தொப்பி சார் என்று பெயர். பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாத தலை கண்ணில் பட்டால், "வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்காங்களா இல்லையா?" என்று கத்துவார். மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவன் தன் மனைவிக்கு வேலை கேட்டபோது, அவளைத் தன் வீட்டு வேலைக்கே வரச் சொன்னதும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. குளியலறைத் தரையில் மஞ்சள் கறை. ஆசிட் ஊற்றியும் போகவில்லை என்று அவள் வந்து நின்றாள். சார் ப்ளீச்சிங் பாட்டிலையும் எடுத்து நீட்டினார்.

"இதையும் சேத்து ஊத்தித் தேய்ம்மா. கதவச் சாத்திக்கோ, நெடி ஹாலுக்கு வருது."

இரண்டையும் கலந்தால் விஷ வாயு கிளம்பும் என்று தொழிற்சாலையில் மாதம் தவறாமல் பாடம் எடுப்பவர் அவர். அங்கே அது ரசாயனம். இங்கே வெறும் பாத்ரூம் கழுவுவது. அவருக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் தொண்டை கிழிகிற மாதிரி இருமல் கேட்டது. பிறகு வாளி உருண்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து அவளை இழுத்து வந்தார். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். எதுவும் எதுவும் கலந்தது என்று அங்கே சொன்னார்.

"ரெண்டையும் யார் இவங்ககிட்ட ஒண்ணாக் குடுத்தது? எங்க வேலை செய்யறாங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஏதோ ஒரு வீட்டுல," என்றார் சார்.

ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் அவரை ஒருமுறை பார்த்தன. பிறகு மூடிக்கொண்டன.

மறுவாரம் காலைக் கூட்டத்தில் அவள் கணவன் எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டான். "அவளே தெரியாமக் கலந்துட்டாளாம். சார் மட்டும் இல்லேன்னா எங்க குடும்பம் நடுத்தெருவுலதான் நின்னிருக்கும்."

கைதட்டினார்கள். "சாருக்குத் தங்கத்துலயே தொப்பி போடணும்ப்பா!" என்று ஒருவன் குரல் கொடுக்க, எல்லாரும் சிரித்தார்கள். சாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நிறுத்துங்க," என்றார். "அதக் கையில குடுத்ததே நான்தான். கதவச் சாத்தச் சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரியில யாரோ வீடுன்னு பொய் சொன்னேன்."

கணவன் கூப்பிய கைகளை மெல்லப் பிரித்தான். "எம் வேலை போயிடும்னு பயந்துதான் அப்படிச் சொல்லியிருக்கா சார்," என்றான்.

பிறகு மேலாளர் அவரைத் தனியே கூப்பிட்டார். "வீட்டு விஷயத்த ஏன் சார் இங்க இழுக்கறீங்க? நம்ம கேட்டுக்கு வெளிய நடந்தது நம்ம கணக்குல வராதே." ஆறுதலாகத்தான் சொன்னார். சாருக்கு அறை வாங்கியது போல் இருந்தது.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலுக்கு வந்தாள்.

"மன்னிச்சிடும்மா."

"வேற ஆளப் பாத்துக்கங்க சார்." குரல் கரகரத்தது. "அவங்களுக்காச்சும் முன்னாடியே சொல்லிக் குடுங்க."

அதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இருமி முடிக்கும்வரை, தலையைத் தொங்கப் போட்டபடி அவர் அங்கேயே நின்றார்.