உரமில்லாத மேய்ச்சல்

குதிரை லாயத்துக்காரரின் மனைவிக்கு அன்று காலை ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் உருண்டை என்று கூப்பிடும் கொழுத்த குதிரை, முன்னங்கால்களை ஊன்ற முடியாமல் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. குளம்பைத் தொட்டால் அனலாய்ச் சுட்டது.

கணவர் வந்ததும் வராததுமாக, "திருட்டுத்தனமா ஓட்ஸ் போட்டியா?" என்றார்.

"நானா? ஒரு பிடிகூடப் போடலைங்க."

"பின்னே? உடம்பு இளைக்கட்டும்னுதானே புல்வெளிக்கு உரமே போடாம விட்டேன்? அந்த நோஞ்சான் புல்லைத் தின்னா இப்படி ஆகும்?"

அவள் வாளியைக் கழுவினாள், கழுவிய வாளியையே மறுபடி கழுவினாள். கைமறதியாகப் போட்டுவிட்டோமோ என்றுகூட நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கணவரின் தங்கை கால்நடை மருத்துவர். வந்து பார்த்து, வலிக்கு ஊசி போட்டாள். "குளம்புக்குள்ள வீக்கம். மாவுச்சத்தும் சர்க்கரையும் அளவு மீறினா வரும்."

"கேட்டியா?" என்று கணவர் மனைவியைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்கண்ணா. அண்ணி, கொஞ்சம் வெந்நீர் கொடுங்க."

மேய்ச்சலிலிருந்து ஒரு மஞ்சள் இலை, சாணக்குவியல் ஓரத்திலிருந்து ஒரு கரும்பச்சை இலை. தங்கை இரண்டையும் ஸ்பிரிட்டில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சாயம் இறக்கினாள். வெளுத்த இலைகள்மேல் புண்ணுக்குப் போடும் அயோடினைச் சொட்டினாள். சாணத்தோரத்து இலை லேசாக நிறம் மாறியது. மேய்ச்சல் இலை மையாகக் கறுத்தது.

"கறுப்பு அத்தனையும் மாவுச்சத்து. சாணத்தோரப் புல்லு உரம் கிடைச்சு வளர்ந்து மாவைச் செலவழிச்சிடுது. மேய்ச்சல்ல நைட்ரஜன் இல்லாம புல்லு வளர முடியலை. ஆனா வெயில்ல மாவு தயாராயிட்டே இருக்கு. செலவழிக்க வழியில்லாம இலையிலயே தேங்கிடுது. பட்டினி போடறதா நினைச்சு தினமும் விருந்து வச்சிருக்கீங்க."

கணவர் தாடையைச் சொறிந்தார். மனைவிக்கு நிம்மதிக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

"இப்பச் சொல்லுங்க."

"தப்புதான். உன்மேல பழி போட்டுட்டேன்."

"குதிரையைப் பார்த்துச் சொல்றீங்க."

அவர் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னார். தங்கை அவசரமாகப் பையைக் கட்டினாள்.

உருண்டையை மணல் முற்றத்துக்கு மாற்றி, சர்க்கரை கரைந்து போகத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த வைக்கோல் கொடுத்தார்கள். மேய்ச்சலுக்கு அளவாக யூரியா தூவினார்கள். மெல்ல மெல்லக் குதிரை நடந்தது. கல்லுப் பாதையில் மட்டும் தயங்கியது. இனி அதன் முதுகில் யாரும் ஏறக் கூடாது என்று மனைவி சொன்னாள். கணவர் சேணத்தை எடுத்துப் பரணில் ஏற்றினார்.