மாட்டு வேலித் துடிப்பு

வேன்காரர் என்றால் அந்த ரேடியோ வானியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை அவ்வளவு மெலிசு. பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் ஓடினாலே அதை விழுங்கிவிடும். அப்படித் தொல்லை கொடுக்கும் சாமான்களை வேனில் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடிப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவர் வேலை.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய மச்சினியைக் கட்டிக்கொண்ட சகலையும் அங்கேயே ஆராய்ச்சியாளனாக வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து மாமனாருக்கு அவன் "நம்ம டாக்டர் மாப்பிள்ளை". இவர் வெறும் "மூத்தவர்". சாப்பிட உட்கார்ந்தால் முதல் கரண்டி டாக்டர் தட்டில்தான் விழும். வேன்காரர் வாயைத் திறக்கமாட்டார். வயிறு மட்டும் எரியும்.

அந்தச் சகலை ஒருநாள் பதிவில் ஒரு துடிப்பைக் கண்டான். காலை பத்தே முக்காலுக்கு, ஒன்றேகால் நொடிக்கு ஒரு தரம், ஐந்து நிமிஷம் துடித்துவிட்டு மறைந்திருந்தது. ஆய்வகத்தின் ஆன்டெனாக்கள் அசையாமல் மேலே பார்த்துக் கிடப்பவை. வானம்தான் அவற்றைக் கடந்து போகும். ஏதோ ஒரு நட்சத்திரம் சுழன்றுகொண்டே துடித்தபடி கடந்து போயிருக்கிறது என்றான் அவன். மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"மறுபடி பார்க்க நேரம் தர்றேன். அதுக்கு முன்னாடி அது தரையிலேர்ந்து வந்த சத்தம் இல்லைன்னு வேன்காரர் சொல்லணும்" என்றார் இயக்குநர்.

வேன்காரர் அன்று விசில் அடித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். இரண்டாம் நாளே மாட்டுப் பண்ணை ஒன்றில் மின்வேலி சிக்கியது. வேலிக்கு மின்சாரம் விடும் பெட்டி டிக், டிக் என்றது. கடிகாரத்தைப் பார்த்தார். ஏறக்குறைய ஒன்றேகால் நொடி!

"இதை எப்பப்ப போடுவீங்க?"

"பத்தரைக்கு மேல மாட்டை அடுத்த பக்கம் மாத்துவேன். அப்பக் கொஞ்ச நேரம்" என்றார் பண்ணைக்காரர்.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக் கூடத்திலேயே போட்டு உடைத்தார். "தம்பி, உங்க நட்சத்திரம் மாடு மேய்க்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. இயக்குநர் அவனுக்கு நேரம் தரவில்லை.

அறிக்கையோடு வேலியை நிறுத்திவைத்து எடுத்த பதிவும் வேண்டும் என்பது விதி. முதல் துடிப்பு பதிவாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது; மூன்று நாள் வேலியை அணைக்கச் சொல்லி, ஆய்வக ஆன்டெனாக்களில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பதிவெடுத்தார் வேன்காரர். வேலி ஓய்ந்திருந்தது. துடிப்போ வந்தது. முதல் நாள் ஒன்பது ஐம்பதுக்கு, மறுநாள் ஒன்பது நாற்பத்தாறுக்கு, அதற்கடுத்த நாள் ஒன்பது நாற்பத்திரண்டுக்கு. தேதியும் நேரமுமாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பண்ணைக்காரர் கடிகாரம் பார்த்து மாட்டை மாற்றுவார். தினமும் நாலு நிமிஷம் முந்தி வருவது நட்சத்திரம் மட்டும்தான்.

தாளை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார்.

ஒரு வாரம் போனது. "தங்கச்சி வீட்டுக்காரர் சரியா சாப்பிடறதே இல்லையாம்" என்றாள் மனைவி.

"அதுக்கு நான் என்ன பண்ண? ஊட்டியா விட முடியும்?" என்றார். அந்த ஒரு வாரமும் அவர் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் இயக்குநர் அறை வாசலில் சகலையின் குரல் கேட்டு நின்றார். இயக்குநர் கேட்டார், "வேன்காரர் அவசரப்பட்டிருப்பாரோ?"

"இல்ல சார். அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வேன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டித் தொலைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். விறுவிறுவென்று போய் இழுப்பறையைத் திறந்து, தாளைக் கொண்டுவந்து சகலை கையில் திணித்தார்.

"வேலி இல்ல. உன்னோடதுதான். பாரு."

சகலை நேரங்களைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு மேலே இருந்த தேதிகளைப் பார்த்தான். எல்லாம் ஒரு வாரத்துக்கு முந்தியவை.

"அண்ணா, கட்டுரைல உங்க பேரும் வரணும்" என்றான். அவ்வளவுதான்.

மறு வாரமே இயக்குநர் நேரம் தந்தார், துடிப்பு உறுதியானது. கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருந்தன. மாமனார் அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம், "இது டாக்டர் மாப்பிள்ளை, பக்கத்துல நம்ம மூத்தவர்" என்று காட்டினார்.

வீடு திரும்பும்போது மனைவி கேட்டாள். "இப்பவாவது சந்தோஷமா?"

வேன்காரர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார்.

"தேதியைப் பார்த்தான்டி. பார்த்துட்டு ஒரு வார்த்தை கேக்கல. அதுலயும் என்னை முந்திட்டான்."