ஒன்றேகால் மீட்டர் வேலி

ஹார்ட்முட்டின் வேலிச்செடி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று தோட்டச் சங்கத்துக்கு எழுதிப் போட்டவள் நான்தான். பக்கத்துத் தோட்டக்காரி, கெர்லிண்ட. ஊர் ஓரம் ஷ்பாண்டாவில், கால்வாய்க் கரையில், சங்கம் குத்தகைக்கு விட்ட தோட்டங்கள் எங்களுடையவை; வீடு வேறு இடத்தில். வேலி எவ்வளவு உயரம், மதியம் எப்போது புல்வெட்டும் எந்திரத்தை நிறுத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. முப்பது வருடமாக நான் அதை மீறியதில்லை. இந்த மனிதருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? கடுப்பில் ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன்: 'காலை ஆறு மணிக்கே துணி காயப்போடுகிறார், பொழுதுக்கும் இங்கேதான் கிடக்கிறார், வேலி வெட்ட மட்டும் நேரமில்லை.'

மறுவாரம் அவர் என் தோட்டத்து வாசலில் வந்து நின்றார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றி வீட்டைவிட்டு அனுப்பி எட்டு மாதமாம். அன்றிலிருந்து தோட்டத்து மரக்கொட்டகையில்தான் படுக்கையாம். அங்கே குடியிருக்கக் கூடாது. தெரிந்தால் தோட்டத்தையே பிடுங்கிவிடுவார்கள். அதை மறைக்கத்தான் வேலியை வளரவிட்டாராம்.

"எவனோ எழுதிப் போட்டுட்டான், கெர்லிண்ட. சனிக்கிழமை கூட்டத்துல விசாரிக்கிறாங்க. சாயங்காலமானா நான் கிளம்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

சொல்கிறேன் என்றேன். எழுதியவள் நான்தான் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. புகார் கொடுத்தவர் பெயரைச் சங்கம் வெளியே விடாது என்ற தைரியம் வேறு. பாவி நான்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். தினமும் சாயங்காலம் பூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறார், என் கண்ணால் பார்க்கிறேன் என்றேன். தலைவி பாகெல் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து. காலை ஆறு மணி, துணி, எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார். கடைசியில் என் பெயரையும்.

"இதுல எது உண்மை, கெர்லிண்ட?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஹார்ட்முட் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். போகிற அன்று காலையில் கயிறு கட்டி, அளந்து, வேலியைச் சரியாக ஒன்றேகால் மீட்டருக்கு வெட்டினார். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, வந்துவிடு என்று கெஞ்சினேன்.

"வேண்டாம் கெர்லிண்ட. உன் வீட்டுலயும் சட்டம் இருக்கும்," என்றார்.

இரண்டு பைகளோடு பஸ் ஏறிப் போய்விட்டார். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலிக்கு மேலே அவருடைய துணிக்கொடி தெரிகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.