ஜாக்குலின் கம்பு

பழவேற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அஸாருதீன் முதலில் காட்டுவது இல்லாத கோட்டையை. முள்மரம் மண்டிய ஒரு மேட்டின் முன்னால் அவர்களை நிறுத்தி, "டச்சுக்காரங்க கோட்டை இங்கதான் இருந்துச்சு" என்பான். அது உண்மை. உண்மையோடு நிறுத்தினால் கூட்டம் கொட்டாவி விடும் என்பதை முதல் ஞாயிற்றுக்கிழமையே கண்டுகொண்டான். அடுத்த ஞாயிறு முதல் அந்த மேட்டுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை ஓட ஆரம்பித்தது. முதலில் பள்ளிவாசல் வரைதான் போயிற்று. பொங்கல் விடுமுறையில் கூட்டம் கூடியதும் லைட்ஹவுஸ் வரை நீண்டது.

"நடுவுல தண்ணி இருக்கேப்பா?" என்று ஒரு இன்ஜினியர் சந்தேகப்பட்டார்.

"அதான் சார் டச்சுக்காரன் மூளை" என்றான். இன்ஜினியர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அஸாருதீன் பொன்னேரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். அவனுடைய வாப்பா கலந்தர் கடைத்தெருவில் கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கிறார். ஏரியில் இறங்கும் குப்பத்து ஆட்கள் அத்தனை பேரும் அவருடைய வாடிக்கை. "நம்ம புள்ள சரித்திரம் படிக்கிறான்" என்று கயிற்றை அளந்துகொண்டே சொல்வார். கயிற்றில் ஒரு முழம்கூடக் குறைக்காத மனிதர். மகன் சரித்திரத்தில் முழம் முழமாகக் கூட்டிக் கொடுப்பது அவருக்குத் தெரியாது.

மேட்டையும் டச்சுக்காரர்கள் கல்லறையையும் காட்டி முடித்தால் அடுத்தது ஏரி. சித்தப்பா மகன் அஸ்லம் ஃபைபர் படகு வைத்திருந்தான். படகில் போவது பத்திரமா என்று கேட்பவர்களிடம் லைஃப் ஜாக்கெட்டைக் காட்டுவான். ஒன்றுதான் இருந்தது. காட்டுவதற்கு அது போதும்.

வினை அந்தப் படகில்தான் ஏறி வந்தது. அர்ச்சனா என்று ஒரு பெண், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் நிச்சயமான பையன் கனடாவுக்குப் போனவன், திரும்பி வருகிற பேச்சையே எடுக்கவில்லையாம். எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசலில் அஸாருதீன் வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்காத முகத்தை அவனால் தாங்க முடியாது. அது ஒரு வியாதி.

ஏரி நடுவே ஆங்காங்கே கம்புகள் நட்டிருந்தன. உச்சியில் துணி. "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

எதற்கு என்று அவனுக்குத் தெரியும். கடையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். நல்ல இறால் விழுகிற இடம் ஏரியில் கொஞ்சம்தான். அதற்கு அடித்துக்கொள்ளக்கூடாது என்று குப்பத்தார் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பேர் பாடு. நாளைக்கு யாருடைய பாடோ அவர் இன்றைக்கே போய் ஒரு கம்பை நட்டு, தன் வீட்டு நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வருவார். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. அந்தத் துணி ஆடிக்கொண்டிருந்தால் வேறொருவன் வலை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. கம்பில் வேறு வீட்டுத் துணி இருந்துவிட்டால் இருவருமே வலை இறக்கக்கூடாது. ஊர் கூடித் தீர்க்கிறவரை இறால்களுக்கு விடுமுறை.

இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கொட்டாவி.

"அது ஒரு சோகக் கதை மேடம்" என்றான். டச்சுக் கப்பல் கேப்டன் ஒருவனுடைய மனைவி; போன புருஷன் வரவில்லை; தினமும் தோணியில் வந்து கம்பில் கைக்குட்டை கட்டிக் காத்திருந்தாள்; கடைசியில் கப்பல் வந்தது. அன்றிலிருந்து இங்கே துணி கட்டினால் போனவர்கள் திரும்புவார்கள்.

"அவங்க பேரு?"

பேர் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஜாக்குலின்" என்றான், வாயில் வந்தபடி.

அர்ச்சனாவின் கண் நிறைந்துவிட்டது. நீலத் துப்பட்டாவைக் கழற்றி, "நானும் கட்டலாமா?" என்று கேட்டாள். பக்கத்துக் கம்பில் பழைய லுங்கி ஓரத்தில் கிழித்த சிவப்புக் கந்தல் ஒன்று, அழுக்கேறி ஆடிக்கொண்டிருந்தது. அஸாருதீன் எட்டி அதை அவிழ்த்தான்.

"டேய், யாரோ கட்டிகீறாங்கடா" என்றான் அஸ்லம், மோட்டாரைப் பிடித்தபடி.

"சும்மா கந்தல்டா. போட்டோல அசிங்கமா வுழுது" என்று சொல்லி அதைத் தண்ணீரில் போட்டான். அவள் துப்பட்டாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, தலையில் இருந்த பூவையும் செருகினாள். படம் அருமையாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் கல்லூரி விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது, தோணிரேவு பெருமாளும் அவர் மனைவி ராஜாத்தியும் படியேறினார்கள்.

"இன்னா பெருமாளு, இன்னிக்கு உன் பாடாச்சே. இறால் எங்க?" என்று வாப்பா வரவேற்றார்.

"எங்க பாய் பாடு! எஞ்சகலை வெச்சான் பாருங்க ஆப்பு."

ராஜாத்தி பையிலிருந்து நீலத் துப்பட்டாவை உருவிக் கல்லாமேல் போட்டாள். "சேப்புத் துணி கட்டுன கம்புல இது தொங்குது. நீலம் யாரு வூட்டு நெறம்? எந்தங்கச்சி புருசன் வூட்டு நெறம்."

தங்கச்சி ஜமுனாவின் புருஷன் தேவேந்திரன். காதுகுத்து விருந்தில் யார் பந்தியில் முதலில் உட்கார்ந்தது என்ற விஷயத்தில் இரண்டு குடும்பமும் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தன.

"துப்பட்டாவால்ல கீது?" என்றார் வாப்பா.

"கந்தல் கட்டுனா தொரைக்கு மருவாதி இல்லியாம். புதுசு கட்டிகீறாரு."

அஸாருதீனுக்குக் காது சுட்டது. "காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்ணே" என்றான்.

ராஜாத்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "காத்து ரெண்டு முடிச்சு போட்டு, பூவும் வெச்சிட்டுப் போவுமா தம்பி?"

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் என்றார் பெருமாள். தேவேந்திரன் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏரியில் இறங்கவே கூடாது என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் சொல்லிவிடுவார். "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆளு வேணும். நீங்க வாங்க பாய்."

வாப்பா சம்மதித்தார். நியாயஸ்தன் என்று கூப்பிட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையைப் பார்க்க முடியாமல் அஸாருதீன் ஈயக்குண்டுகளை எண்ண ஆரம்பித்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உம்மா ராபியா இறால் தொக்கு வைத்தாள். அவன் தட்டைத் தள்ளினான்.

"இறாலை வேணாங்கறியா? ஜொரமாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடையில் அர்ச்சனாவிடமிருந்து செய்தி வந்தது. கம்பின் படத்தையும் கதையையும் கனடாவுக்கு அனுப்பினாளாம். அவன் போனிலேயே அழுதுவிட்டானாம். அவனுடைய டூருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். கூடவே, 'ஜாக்குலினுக்கு என் நன்றி.' அஸாருதீன் போனைக் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்த பிறகும் ஐந்து நட்சத்திரமும் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை வாப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். இறக்கிவிட்டதும் திரும்பிவிடுவதாகத் திட்டம். வாப்பா, "இருடா, சரித்திரம் படிக்கிறவன் இதெல்லாம் பாக்கணும்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நாட்டார் மைக் பிடித்துத்தான் பேசுவார். கூப்பிடு தூரத்துக்குள் மொத்தக் குப்பமும் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் மைக் இல்லாவிட்டால் தீர்ப்பு செல்லாது என்பது அவர் எண்ணம்.

"நான் கட்டல. அவ்ளோதான்" என்றான் தேவேந்திரன்.

"இது உன் பொண்டாட்டிது இல்லியா?" என்று நாட்டார் துப்பட்டாவைத் தூக்கிக் காட்டினார்.

ஜமுனா எழுந்தாள். "இந்தாளு எனக்கு இப்டி ஒரு துப்பட்டா வாங்கிக் குடுத்திருந்தா, நான் ஏன் சாமி தெனமும் சண்ட போடப்போறேன்?"

கூட்டம் சிரித்தது. ராஜாத்தி சிரிக்கவில்லை. "நடிக்காதடி. காதுகுத்துல பாத்தோம் உன் நடிப்பை."

"இன்னாடி பாத்தே?"

தேவேந்திரன் கையை உயர்த்தினான். "கல்பூரம் ஏத்துங்க. அடிச்சு அணைக்கிறேன்."

சிரிப்பு நின்றது. சத்தியம் செய்துவிட்டால் விவகாரம் முடியும், உறவும் முடியும். அதன் பிறகு ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்று, பேசாமல், ஒரே மாதிரி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. தேவேந்திரன் உள்ளங்கையை விரித்தான்.

அஸாருதீன் எழுந்து நின்றான். வகுப்பில் சந்தேகம் கேட்பவன்போல ஒரு கையைத் தூக்கியிருந்தான்.

"நான்தான்" என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை. நாட்டார் மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டார். மைக் கிடைத்தால் விடாதவன் என்று கல்லூரியில் பேர் வாங்கியவனுக்கு அன்றைக்கு அது ஈயக்குண்டாகக் கனத்தது. முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. படகில் மெழுகாய் உருகிய அதே கதை, அந்தக் கம்பை நடுகிறவர்கள் முன்னால் கல் கல்லாய் விழுந்தது.

"கேப்டன் பொண்டாட்டியா? நம்ம கம்புலயா?" என்றார் நாட்டார்.

"ஆமா."

"பேரு இன்னா அவளுக்கு?"

"ஜாக்குலின்" என்றது ஒலிபெருக்கி, குப்பம் முழுக்க.

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க, மொத்தக் கூட்டமும் பற்றிக்கொண்டது. பெருமாள்கூடச் சிரித்தார். "அப்போ என் சேப்புத் துணி இன்னாச்சு?"

"அவுத்து தண்ணில போட்டுட்டேன்ணே. போட்டோக்கு அசிங்கமா இருந்துச்சு."

அந்த இடத்தில் சிரிப்பு அடங்கியது. திட்டியிருந்தால் தேவலை. பெருமாள் தன் லுங்கியின் கிழிந்த ஓரத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

வாப்பா எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார். மைக் அவருக்குத் தேவைப்படவில்லை. "எம் மவன்தான். என் கடைக் கயித்துல முழம் கொறஞ்சா திருப்பிக் கொண்டாங்கனு சொல்லுவேன். இத எங்கேர்ந்து திருப்புறது?" என்றார். பிறகு எதிலோ இடறியவர்போல மெதுவாகப் போய் ஸ்கூட்டரருகே நின்றுகொண்டார். அவனைப் பார்க்கவில்லை.

நாட்டார் மைக்கைத் திரும்ப வாங்கினார். பெருமாளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாற்றுப் பாடு. "கம்பு மேல நம்பிக்கை போச்சு. அதனால அன்னிக்குக் கம்பு நட வேணாம். பாய் பையன் நிப்பான். பெருமாளு வலை இறக்குனதுலேர்ந்து தூக்குறவரைக்கும். கம்பு பேசாது, சிரிக்காது, கத சொல்லாது. புரிஞ்சிதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அஸாருதீன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். புதுச் சிவப்புத் துணியைப் பெருமாள் அவன் தலையில் இறுக்கிக் கட்டினார். தூரத்தில் அவர் வலையைச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வேலை இல்லாதவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. தேவேந்திரன் துடுப்பை நிறுத்தி, "ஜாக்குலினம்மா, சௌக்கியமா?" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஜமுனா படகில் ராஜாத்தியும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சி குடித்தபடி அவனை வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு அஸ்லமின் படகு வந்தது. அதில் அர்ச்சனா. பக்கத்தில் உயரமாக ஒரு பையன், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து. அஸ்லம் அஸாருதீனைப் பார்த்து, நான் என்ன செய்வது என்பதுபோல் தோளைக் குலுக்கினான்.

"அஸார்! தண்ணில என்ன பண்றீங்க? அந்தக் கம்பு எங்க?"

கம்பு பேசவில்லை.

"ஜாக்குலினம்மாவுக்கு வேண்டுதல் மேடம்" என்றான் அஸ்லம். "இன்னிக்கு கம்பே இவன்தான்."

"ஸோ ஸ்வீட்!" என்றாள். "இவர் வந்துட்டார் பாருங்க. நன்றிக்கடனா ஒண்ணு கட்டிட்டுப் போலாம்னு வந்தோம்." பையிலிருந்து சரிகை போட்ட பச்சைத் துப்பட்டாவை எடுத்து, படகின் விளிம்பில் குனிந்து, அவன் தலையை நோக்கிக் கையை நீட்டினாள்.

தூரத்தில் பெருமாள் நிமிர்ந்தார். பாதி இறக்கிய வலை அவர் கையிலேயே நின்றது.

"கட்டாதீங்க மேடம்" என்றான் அஸாருதீன்.

"ஏன்?"

"இது பெருமாளண்ணன் பாடு. உங்க துணி பட்டா இன்னிக்கும் அவர் வலை இறக்க முடியாது. அன்னிக்கும் உங்க துணியாலதான் போச்சு. தப்பு என்னுது." கையால் துப்பட்டாவை விலக்கினான். "ஜாக்குலின்னு கேப்டன் பொண்டாட்டி யாரும் இல்ல. அவங்க எங்க எட்டாங்கிளாஸ் கணக்கு டீச்சர். திருவள்ளூர்ல புருஷனோட நல்லாத்தான் இருக்காங்க."

"நான் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்" என்றான் கனடாப் பையன், யாரிடமும் இல்லாமல்.

அர்ச்சனா துப்பட்டாவை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மறுபடி மறுபடி. "அன்னைக்கு நான் அழுதேனே. அப்ப உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

சிரிக்கவில்லை. கதை பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டான். எது கேவலம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அஸ்லம் படகைத் திருப்பினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் மட்டும் அவன் தலைத்துணியைக் கண்ணைவிட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டே போனான்.

பெருமாள் வலையை இறக்கி முடித்துக் கிட்டே வந்தார். "கம்பு பேசக்கூடாதுனு இல்ல சொன்னாங்க?"

"அவங்க கட்டிட்டா உன் பாடு போயிடும்ணே."

பெருமாள் அவன் தலைத்துணியைச் சரிசெய்து, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "சரி சரி. நேரா நில்லு. சாஞ்ச கம்பை எவனும் மதிக்க மாட்டான்."

அவன் நேராக நின்றான். தண்ணீருக்குள் ஒரு இறால் வந்து அவன் முழங்காலில் முட்டி, கம்பு என்று நினைத்து, சுற்றிக்கொண்டு வலைப்பக்கம் போயிற்று.