உங்கள் மாதிரியை வைத்துக்கொள்ளலாமா?

1

இந்தக் கதை அண்ணியின் மணிக்கட்டு வலியிலிருந்து வந்தது. என் வலி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி, என் அண்ணன் மனைவி, பன்னிரண்டு வருடமாக ஓர் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறாள். காலையில் டப்பா மூடியைத் திறக்க முடியாமல் இரண்டு கையாலும் முறுக்குவாள். "கை இருக்கு தம்பி, பிடிதான் போயிடுச்சு" என்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

உயிரித் தொழில்நுட்பம் மனிதகுலத்தின் வாசலில் வந்து நின்று...

நின்றால் நிற்கட்டும். அந்த வாசலைக் கூட்டுகிறவளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2

குடுவை கழுவும் காரக் கரைசல் பொல்லாதது. கையுறை கிழிந்தால் மறுநாளே விரல் வெடிக்கும். மற்ற பெண்களுக்கு வெடித்தது. அண்ணிக்கு மட்டும் தோல் அப்படியே இருந்தது. உள்ளே எலும்பு நொந்ததை யாரும் பார்க்கவில்லை. வெளியே தோல் பிழைத்ததை ஒருத்தி பார்த்தாள். அங்கே ஆராய்ச்சி செய்கிற இளம்பெண். அண்ணிக்கு அவள் டாக்டரம்மா. ("நான் ஊசி போடுற டாக்டர் இல்லைக்கா" என்று எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை.)

ஒருநாள் அவள் அண்ணியைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை அவசரமாக வாசித்தாள்.

"அக்கா, உங்க மாதிரிய நிரந்தரமா வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கு. சம்மதமா?"

அண்ணிக்குக் காது குளிர்ந்தது. பன்னிரண்டு வருடம் ஒப்பந்தத்தில் ஓட்டியவள். ஆறு மாதத்துக்கொரு முறை நீட்டுவார்களா மாட்டார்களா என்று அலுவலக வாசலில் காத்து நின்றவள். உங்களை மாதிரி ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாளா?

"இதப்போயி என்கிட்ட கேக்கணுமாம்மா? தாராளமா வெச்சுக்குங்க!"

கையெழுத்துப் போட்டாள். உள்ளங்கை ஓரத்தை மரக்கச் செய்து மிளகளவு தோல் எடுத்தார்கள். நிரந்தரம் ஆக்குவதென்றால் உடம்பைப் பரிசோதிக்கத்தானே செய்வார்கள்? அன்று அண்ணனிடம் சொன்னாள்: "நான் இப்போ நிரந்தரம். இனிமே மரியாதையாப் பேசணும்."

(ஆய்வகத்தில் 'மாதிரி' என்றால் சோதிக்க எடுக்கும் துணுக்கு. தெருவில் 'போல'. அகராதியில் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. கதவு தட்டுகிறவர் யாரைத் தேடி வந்தார் என்பதுதான் குழப்பம்.)

3

ஐந்து மாதம் கழித்துக் குடுவை கழுவும் இயந்திரம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது என்று அண்ணிக்குச் சீட்டு வந்தது. படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

அடுத்து வரும் பேச்சை மூன்று தடவை எழுதினேன். முதல் தடவை அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சக்காரியாக்கினேன். பொய். அவள் நல்லவள், கதைக்கு அதுதான் தொந்தரவு. நடந்தது இது:

"நிரந்தரமா வெச்சுக்குறோம்னு சொல்லிட்டு, இது என்னம்மா?"

நகலை வாங்கிப் படித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. "ஐயோ அக்கா... அது உங்கள இல்ல. உங்க தோலை."

ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய், குளிர்பதனப் பெட்டி போலிருந்த ஒன்றின் கதவைத் திறந்து, தட்டையான தட்டு ஒன்றைக் காட்டினாள். அண்ணி தினமும் துடைக்கிற கதவு அது.

"இதுல வளர்றது உங்க தோலோட செல்லு. தீக்காயம் பட்டவங்களுக்குப் புதுத்தோல் வளர்க்க இது உதவும்னு நம்புறோம்."

"இது தின்னுமா?"

"சத்துத் தண்ணி ஊத்துவோம். ரெண்டு நாளைக்கொரு தடவை மாத்துவோம். உடம்பு சூட்டுலயே வெச்சிருப்போம்."

"லீவு நாள்ல?"

"லீவு நாள்லயும் ஒருத்தர் வந்து பாக்கணும்."

"பரவால்லையே! அதுக்காவது நல்ல இடத்துல வேலை கெடைச்சிருக்கு."

டாக்டரம்மா தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். அண்ணியே தொடர்ந்தாள்.

"தீப்பட்டவங்களுக்குன்னா குடுக்க மாட்டேன்னா சொல்லுவேன்? கேக்கறதப் புரியுற மாதிரி கேட்டிருக்கலாம்."

"உங்களுக்கு வேணாம்னா எல்லாத்தையும் அழிச்சிடுறேன்க்கா. அந்த உரிமை உங்களுக்கு இருக்கு. வேலைய மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று அண்ணி வந்துவிட்டாள்.

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) நிர்வாகம் மனம் மாறி அவளை நிரந்தரமாக்குகிறது. மூட்டை தூக்கிய வீட்டில் வளர்ந்தவன் நான். என் பேனா இதற்கு ஒத்துழைக்காது.

ஆ) அழித்துவிடச் சொல்கிறாள். நியாயம்தான். ஆனால் முகம் வெந்து கிடக்கும் யாரோ ஒரு பெண்...

இ) வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். உடனே அவளைத் தியாகி என்று எழுதக் கை துடிக்கிறது. வேலை போனவளுக்கு அந்தப் பட்டம் எதற்கு?

இன்று வியாழன். நாளை அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

5

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நேற்று அண்ணி அந்த நகலை என்னிடம் நீட்டினாள். "படிக்காத முண்டம்னா இப்படித்தான் தம்பி. மாதிரின்னா என்னன்னுகூடத் தெரியல எனக்கு."

வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியம். வயிற்றுப்பாட்டுக்கு நான் படிவங்களை மொழிபெயர்க்கிறேன். எந்த ஆய்வகத்துக்கு என்று சொல்ல மாட்டார்கள். 'உங்கள் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த தோல்' என்றுதான் முதலில் எழுதினேன். கொச்சையாக இருக்கிறதே என்று அடித்துவிட்டு, கௌரவமாக 'உங்கள் மாதிரி' என்று போட்டேன். அது யார் காதில் விழப்போகிறது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"விடுங்க அண்ணி" என்று நகலைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. பிறகு உட்கார்ந்து உங்களிடம் இத்தனை பக்கம் பேசிவிட்டேன். அவளிடம் சொல்ல ஒரே ஒரு வரி பாக்கி இருக்கிறது: தப்பு உங்களுடையது இல்லை அண்ணி, என்னுடையது.