நடுநிலை ஹல்லி

கெஸ்தூர் பூட்ஸைக் கழற்றாமலே நின்றிருந்தான். அவன் காலடியில் பனி உருகிக் குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. ஸ்வாலா மண்டியிட்டு அதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். எடுத்த இடத்திலேயே மறுபடி நீர் சேர்ந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

“விடு ஸ்வாலா, தரை எங்கயும் ஓடிப்போகாது. போறதா இல்லையான்னு மட்டும் சொல்லு. போறதுன்னா வெளிச்சம் இருக்கறப்பவே மலையைத் தாண்டிடணும்.”

அவனுக்குப் பின்னால் அவன் மகள் ஹெர்தீஸும், மீன் ஆலையில் வேலை செய்யும் போலந்துக்காரன் மாரெக்கும் நின்றார்கள். மூவருமே மீட்புக் குழுவின் ஆரஞ்சு உடுப்பில் இருந்தார்கள். வெளியே அவர்களுடைய பெரிய சக்கர வண்டி அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் யாரும் பூட்ஸோடு வாசல் மிதியடியைத் தாண்டுவதில்லை. கழற்றினால் உட்காரப் போகிறார்கள், கழற்றாவிட்டால் கிளம்பப் போகிறார்கள்.

“ஹெலிகாப்டர்?” என்றாள் ஸ்வாலா. காலையிலிருந்து எத்தனை முறை கேட்டாளோ.

“இந்தக் காத்துலயா? அது என்ன பட்டமா?” என்றான் மாரெக்.

“நான்தான் ஓட்டப்போறேன்,” என்றாள் ஹெர்தீஸ். “எங்கப்பா ஓட்டினா ஆஸ்பத்திரியில ரெண்டு கட்டில் போடச் சொல்லணும்.”

கெஸ்தூர் சிரிக்கவில்லை. மகளையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திரும்பாததை ஸ்வாலா கவனித்தாள்.

உள்ளறையில் அவள் அப்பா ஹல்வர்தூர் மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். ஒவ்வொரு மூச்சும் சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல வந்தது. ஊர் நர்ஸ் ஊனுர் கட்டிலோரம் உட்கார்ந்து, ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலைவரை தயிருக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டவர். இரவில் நெஞ்சில் சளி கட்டியது. விடிவதற்குள் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“கொண்டுவந்தா மெஷின் வச்சுப் பார்க்கலாங்கறாரு. வழியிலயே போயிடவும் கூடும்னாரு. வீட்டு ஆளுங்கதான் முடிவு பண்ணணுமாம்.” ஊனுர் குரலைத் தாழ்த்தினாள். “சிலிண்டர் சாயங்காலம் வரைக்கும்தான் வரும், ஸ்வாலா.”

தலைநகரிலிருந்து தம்பி ஓத்தார் காலையிலிருந்தே ஃபோனில் கத்திக்கொண்டிருந்தான். “எதுக்குக்கா யோசிக்கறே? அவங்களே வர்றேன்னு சொல்றாங்க. தூக்கிப் போட்டுட்டுப் போங்களேன்!” அவனிடம் மலையைப் பற்றி என்ன சொல்வது? இங்கிருந்து போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அவனுக்கு அது கோடையில் குழந்தைகளுக்குப் படமெடுத்துக் காட்டுகிற இடம்.

ஹல்வர்தூர் ஐந்து முறை நாடாளுமன்றத்தில் இருந்தவர். இந்த ஊர்ப் படகுத்துறைக்கு அலைச்சுவர் வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றவைத்தார். வெந்நீர்க் குளம் கட்டவைத்தார். அந்தக் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு ஊர் அவர் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டது, நடுநிலை ஹல்லி என்று.

அது சுரங்கப்பாதை வாக்கெடுப்பு நடந்த வருடம். மலையைக் குடைந்து இந்த ஊருக்கு வழி போடுவதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. இந்த முறை வேறொரு கடற்குடாவுக்குத்தான் சுரங்கம், எதிர்த்து வாக்களியுங்கள் என்று கட்சி சொல்லியிருந்தது. ஊர் எதுவும் சொல்லவில்லை. மீன் ஆலையில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வானொலியைச் சுற்றி நின்றது. அவைத்தலைவர் ஒவ்வொரு பெயராக அழைக்க, ஆம், இல்லை, ஆம், இல்லை என்று குரல்கள் வந்தன. ஹல்வர்தூரின் பெயர் வந்தது. வானொலி பழுதாகிவிட்டதோ என்று யாரோ அதைத் தட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு மௌனம். பிறகு அவர் குரல், “வாக்களிக்கவில்லை.”

ஒரே ஒரு வாக்கில் சுரங்கம் தோற்றது.

அன்று மாலை ஸ்வாலா அவரை ஃபோனில் பிடித்தாள். “ஆமான்னு சொல்லியிருக்கலாம். இல்லைன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா. ஆமாவா இல்லையா, அவ்வளவுதானே கேட்டாங்க?”

வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. “அங்கயும் ரோடு இதே மாதிரிதாம்மா,” என்றார் கடைசியில். “அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க.”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அடுத்த சில குளிர்காலங்களில் ஒன்றில், மீன் லாரி ஓட்டிப்போன கெஸ்தூரின் அண்ணன் பிராந்தூர் மலைப்பாதையில் பனிச்சரிவில் புதைந்தான். சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேரைக் குடும்பம் அழைத்தபோது, அதில் ஹல்வர்தூரும் ஒருவர். கெஸ்தூரின் அப்பா தானே வீடு தேடி வந்து கேட்டார். ஹல்வர்தூர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்த் தூக்கினார். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை.

இப்போது அதே மலையில் அவருக்காக ஏறிப்போகக் கெஸ்தூர் பூட்ஸோடு நிற்கிறான். வண்டியை ஓட்டப்போவது அவனுடைய ஒரே மகள்.

ஸ்வாலா துணியை வாளியில் பிழிந்துவிட்டு எழுந்தாள்.

“எனக்குத் தெரியல, கெஸ்தூர்.”

“தெரியலன்னா எப்படி? போகலாமா வேண்டாமா? நீ போன்னா போறோம். வேண்டாம்னா யாரும் உன்னை எதுவும் கேட்கப்போறதில்ல.”

“நீ என்ன நினைக்கிறே?”

“நான் நினைக்கறதுக்கு இங்க மதிப்பில்ல. அவரு உன் அப்பா.”

“மேல எப்படி இருக்கு?”

“எப்பவும் இருக்கற மாதிரிதான் இருக்கு,” என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள். போங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதன் பின்னாலேயே, தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தபடி நின்ற ஹெர்தீஸின் சிவந்த விரல்கள் தெரிந்தன. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து அந்த மூச்சு கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். கடிகாரம் ஓடியது. காற்று தகரக் கூரையின் ஒரு விளிம்பைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தது. மாரெக் இருமினான். ஜன்னலுக்கு வெளியே மலையின் அடிப்பாகம் வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு அதுவும் தெரியாமல் போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

கெஸ்தூர் குனிந்தான். ஒரு பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். பிறகு மற்றதை.

“ஹெர்தீஸ், போய் வண்டியை அணைச்சிட்டு வா,” என்றான்.

தான் சொல்லாத பதிலை அவனே எடுத்துக்கொண்டதற்கு ஸ்வாலா நன்றி சொல்ல நினைத்தாள். மன்னிப்புக் கேட்கவும் நினைத்தாள். இரண்டையும் செய்யாமல் சமையலறைக்குப் போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

கோப்பைகளோடு அவள் உள்ளே வந்தபோது, கெஸ்தூர் கட்டில் பக்கத்தில் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு குதிகாலில் ஓட்டை. அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. ஆரஞ்சு உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரோடு திறந்திருக்கா?” என்றார். குடாவில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

கெஸ்தூர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். “திறந்திருக்கு, ஹல்லி.”

“அப்ப நீ எதுக்கு வந்தே?”

“காபி குடிக்க.”

“உங்கப்பனும் இப்படித்தான்,” என்றார் அவர். மூச்சு முட்டியது. “வேலையத்த நேரத்துல... காபிக்குன்னு வருவான்.”

“ஆமா, கொண்டுவர்ற பிஸ்கட்டையும் அவரே தின்னுட்டுப் போவாரு.”

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். பிறகு கண்கள் ஸ்வாலாவிடம் வந்து நின்றன. அவள் கோப்பையை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள். அவர் ஏதோ கேட்கப்போகிறார் என்று தோன்றியது. கேட்டுவிடக்கூடாதே என்றும் தோன்றியது. அவர் கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தவர் பார்ப்பதுபோலவும் இருந்தது, எதுவுமே தெரியாதவர் பார்ப்பதுபோலவும் இருந்தது.

சிலிண்டர் தீர்வதற்கு முன்பே அவர் தீர்ந்துபோனார். மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு இடைவெளி முடியவே இல்லை. ஊனுர் அவர் மணிக்கட்டில் விரலை வைத்து, பிறகு எடுத்தாள்.

“ஜன்னலைத் திறக்கணும்,” என்றாள். இறந்தவர் வெளியே போக வழி விடுவது இங்கே வழக்கம்.

ஸ்வாலா கொக்கியை இழுத்தாள். சட்டம் பனியில் உறைந்துபோயிருந்தது. கெஸ்தூர் வந்து முழங்கையால் இடித்தான். மாரெக்கும் சேர்ந்து தள்ளிப் பார்த்தான். ஜன்னல் அசையவில்லை.

“வெந்நீர் ஊத்தலாமா?” என்றாள் ஹெர்தீஸ்.

“கண்ணாடி உடைஞ்சிடும்,” என்றான் கெஸ்தூர்.

யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. நால்வரும் அந்த ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்கள். ஸ்வாலா மட்டும் திரும்பி, வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவைத்தாள். பனி சீறிக்கொண்டு உள்ளே வந்தது.

சுவரிலிருந்த ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

“அக்கா! கிளம்பிட்டீங்களா இல்லையா? ரோடு கேமராவையே பார்த்துட்டிருக்கேன், வண்டியே தெரியல. ஹலோ? கிளம்பியாச்சா? ஆமாவா இல்லையா, அதையாவது சொல்லேன்!”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தம்பிக்குக் கேட்டதெல்லாம் அவளுடைய மூச்சு மட்டுந்தான். திறந்த கதவருகே சுவரோரமாகப் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. நான்கு ஜோடிகளைச் சுற்றியும் உருகிய நீர் தேங்கிக் கிடந்தது. ஐந்தாவது ஜோடி அப்பாவுடையது; அதன் அடியில் தரை காய்ந்திருந்தது. அதன் மேல் மட்டும் உருகாமல் பனி படிந்துகொண்டிருந்தது.